மணப்பெண்ணின் கண்ணாடி என் பெட்டிக்குள் இருந்தபோது

கண்ணாடி போட்ட பெண்ணுக்கு மேக்கப் போடுவது எப்படி என்று என்னிடம் தொழில் கற்ற உங்களில் ஒருத்தி போன வாரம் போனில் கேட்டாள். மைனஸ் பவர் லென்ஸ் கண்ணைச் சின்னதாகக் காட்டும், அதனால் மைக்கோட்டைக் கொஞ்சம் தூக்கலாகப் போடு என்றேன். பிளஸ் பவர் பெரிதாகக் காட்டும், ஒரு பிசிறு இருந்தாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்துவிடும் என்றேன். ஒட்டு இமை நீளமாக இருந்தால் லென்ஸில் இடிக்கும், மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய தடத்தில் கிரீம் திட்டாக நிற்கும், பஞ்சால் ஒற்றி எடு என்றேன். சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு உறுத்த ஆரம்பித்தது. அவள் கேட்டதற்கு நான் சொன்னது பாதி பதில்தான். மீதியை வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இருபத்தெட்டு வருடம் பார்லர் நடத்தியவள் நான். மலையில் நடந்த கல்யாணங்கள், காட்டேஜ் எடுத்து வெளியூர்க்காரர்கள் நடத்திய கல்யாணங்கள் என்று எத்தனை முகம் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. நாற்பது வயதில் எனக்கும் வெள்ளெழுத்து வந்தது. அழகு செய்கிறவளே கண்ணாடி போட்டால் யார் வருவார்கள் என்று ஒரு வருடம் வீம்பு பிடித்தேன். ஒரு நாள் ஒருத்திக்கு இடது புருவத்தை வலது புருவத்துக்குச் சம்பந்தம் இல்லாமல் வரைந்துவிட்டேன். அன்று சாயங்காலமே கண்ணாடி வாங்கினேன். இதைச் சொல்வதற்குக் காரணம், நான் சொல்லப்போகும் சம்பவத்தில் என் மூக்கின் மேல் கண்ணாடி இருந்தது. எனக்கு எல்லாம் தெரிந்தது. சரியாகத் தெரியவில்லை என்று சாக்குச் சொல்ல எனக்கு வழியே இல்லை.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பார்லர்க்கார அம்மாளின் பெயர் வேண்டாம். நல்ல கைக்காரி. அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம் இதுதான்: கண்ணாடி போட்ட பெண் வந்தால் முதல் வேலையாகக் கண்ணாடியைக் கழற்றி உன் பெட்டிக்குள் வைத்து மூடு. அவள் கையில் விட்டால் ஒவ்வொரு கோட்டுக்கும் போட்டுப் பார்ப்பாள், ஒவ்வொரு கோட்டுக்கும் குறை சொல்வாள். பெட்டிக்குள் போய்விட்டால் அவள் பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பாள், வேலை வெரசா முடியும். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். உங்களில் பல பேருக்கு நானே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இன்றைக்கு அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

அந்தப் பெண்ணை வினோதினி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுடைய அப்பா இறந்து மூன்று வருடம். அவர் விட்டுவிட்டுப் போனது தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டம். அண்ணனுக்கும் தங்கைக்கும் சரிபாதி என்று அப்பா வாய்ச்சொல்லாகச் சொல்லியிருந்தார், பத்திரமும் அவர் பெயரிலேயே இருந்தது. அண்ணன் கொடைக்கானலில் காட்டேஜும் வண்டியும் வைத்திருந்ததால் தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சனிக்கிழமை தோறும் ஜீப் ஏறிப் போய் ஆள் வைத்துப் பழம் பறித்து, மிளகுக் கொடியைப் பார்த்து, தோட்டத்தை நிமிர்த்தியது இவள்தான். மைனஸ் எட்டு பவர். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் நிற்பது ஆளா கம்பமா என்று தெரியாது. காண்டாக்ட் லென்ஸ் போட்டுப் பார்த்து இரண்டு நாள் கண் சிவந்து கிடந்தாளாம், அதோடு விட்டுவிட்டாள். மாப்பிள்ளை வீடு பழனியில் கடை வைத்திருக்கும் குடும்பம்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு அவளுடைய அம்மா பார்லருக்கு வந்தார். "மணவறையில கண்ணாடி வேணாங்க. போட்டோவுல வெளிச்சம் பட்டு கண்ணே தெரியாது. நீங்களே வாங்கி வச்சுக்கங்க, அவகிட்டக் குடுத்துராதீங்க" என்றார். நூறு அம்மாக்கள் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. சரிங்க என்றேன்.

தை மாத முகூர்த்தம். காலை ஆறு மணிக்கு மண்டபத்து மணமகள் அறையில் ஆரம்பித்தேன். கண்ணாடியைக் கழற்றி, துணியில் சுற்றி, பெட்டிக்குள் வைத்து மூடினேன். வினோதினி வாய் ஓயாத பெண். முகத்தில் கிரீம் தேய்க்கும்போதும் பேசிக்கொண்டே இருந்தாள்.

"கல்யாணம் முடிஞ்ச மறுவாரமே தாண்டிக்குடி போகணும்க்கா. மெளகு பறிக்காமக் கெடக்கு. அவருகிட்டச் சொல்லிட்டேன், சனி ஞாயிறு என்னைத் தேடாதீங்கன்னு."

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

"நானும் வாரேன்னாரு. வந்தா அட்டை கடிக்கும்னு சொல்லியிருக்கேன்."

சிரித்தாள். சிரிக்காதே, கன்னம் ஆடுது என்று அதட்டினேன்.

ஏழு மணி சுமாருக்குக் கண் வேலை. இமை ஒட்டி, மை போட்டாயிற்று. கீழே வத்தலக்குண்டில் ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும் பசை, மலையில் தை மாதக் குளிரில் லேசில் காயாது. அதனால் கண்ணை மூடியே வை, திறக்காதே என்று சொல்லிவிட்டு டிரையரைத் தூரத்தில் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கதவைத் தட்டிக்கொண்டு அண்ணன் உள்ளே வந்தான். கையில் ஒரு பைல். பின்னாலேயே அம்மா.

"பாப்பா, ஒரு மூணு எடத்துல கையெழுத்துப் போட்டுரு. கல்யாணத்த ரிஜிஸ்டர் ஆபீசுல பதியணும்ல, அதுக்கு. நாளைக்கு வெள்ளனே போயிரலாம்."

"இப்பவாண்ணே? சரி, கண்ணாடிய எடுங்கக்கா. பாத்துட்டுப் போடுறேன்."

இதற்கு நான் சொன்ன பதிலை ஒரு எழுத்து மாற்றாமல் உங்களுக்குச் சொல்கிறேன்.

"கண்ணாடியா? இப்பக் கண்ணாடிய மாட்டுனா இமை லென்ஸுல ஒரசி அம்புட்டும் பேந்துரும். கூடப் பொறந்த அண்ணன்தான நீட்டுறாரு, போடு தாயி. நான் எடத்தக் காட்டுறேன்."

என்னை யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. என் மேக்கப் கெட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான் என் நினைப்பு. என்னுடைய மேக்கப் தட்டையே எழுதுகிற பலகையாக அவள் மடியில் வைத்தேன். அவள் இமையை லேசாகத் திறந்தாள், அந்தக் கண்ணுக்கு வெள்ளையாக ஏதோ இருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரிந்திருக்காது. அவள் விரலைப் பிடித்து இடத்தில் வைத்தேன். முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். அது முத்திரைத்தாள் என்று மட்டும் கவனித்தேன். கல்யாணப் பதிவுக்கு அதெல்லாம் வேண்டும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினான். இடம் காட்டக் குனிந்தேன். குனிந்தபோது நடுவில் இருந்த ஒரு வரி கண்ணில் பட்டது. தாண்டிக்குடி கிராமம் என்று இருந்தது. அடுத்த வரியில், மேற்படி தோட்டத்தில் எனக்குள்ள பாத்தியத்தை என் அண்ணனுக்கு முழுவதுமாக விடுதலை செய்து கொடுத்து, இனி எக்காலத்திலும் எவ்வித உரிமையும் கோர மாட்டேன் என்று இருந்தது.

ஒரு தடவை தப்பாக வாசித்துவிட்டோமோ என்று மறுபடி வாசித்தேன். அதே வரிதான். கல்யாணம் என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் இல்லை. தலையைத் தூக்கினால் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

சீனியர்களைப் பற்றி நீங்கள் பெரிதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அந்த நேரத்தில் நான் என்ன யோசித்தேன் என்று சொல்கிறேன். இவன் காட்டேஜுக்கு வருகிற கல்யாணமெல்லாம் எனக்குத்தான் வருகிறது, சீசனில் என் அடுப்பு எரிவதே அவனால்தான் என்று யோசித்தேன். இது அவர்கள் வீட்டு விஷயம், ஒருவேளை பேசி முடித்துத்தான் எழுதியிருப்பார்களோ என்று யோசித்தேன். முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது, மண்டபம் நிறைய ஆள், இப்போது வாயைத் திறந்தால் கல்யாணம் நின்றுபோகுமே என்று யோசித்தேன். எல்லாமே நியாயமான யோசனைகள்தான். ஆனால் இவள் மூக்கில் கண்ணாடி இல்லை, அதை எடுத்துக் கொடு என்ற ஒரு யோசனை மட்டும் வரவே இல்லை.

விரலைப் பிடித்து வைத்தேன். அவள் இரண்டாம் கையெழுத்தையும் போட்டாள்.

"ஒரு சோலி விடாம எல்லாத்தையும் அண்ணன்தான்க்கா பாக்குறான். அப்பா இருந்தாக்கூட இப்படி ஓடியாடியிருக்க மாட்டாரு" என்றாள். கண் மூடியே இருந்தது.

மூன்றாம் பக்கம் வந்தது. அது கடைசிப் பக்கம், பாதிக்கு மேல் வெற்றிடம். கையெழுத்துக்கு மேலே ஒரே ஒரு வரி. இந்தப் பத்திரத்தை நான் முழுவதும் என் கண்ணால் படித்துப் பார்த்து, யாருடைய தூண்டுதலும் இல்லாமல், சம்மதித்து எழுதிக் கொடுக்கிறேன் என்று இருந்தது.

அவள் கண் என் பெட்டிக்குள் துணி சுற்றிக் கிடக்கிறது. மூடி வைத்தவள் நான். அதுவரை திருடுகிறவனைப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். இந்த வரியை வாசித்ததும்தான், என் கையில்லாமல் இந்தத் திருட்டு நடந்திருக்கவே முடியாது என்று விளங்கியது. அப்போது எனக்கு வந்த அதிர்ச்சி என்னைப் பார்த்து வந்த அதிர்ச்சி.

"ஒரு நிமிஷம் நில்லு தாயி" என்றேன். பெட்டியைத் திறந்தேன், கண்ணாடியை எடுத்தேன், அவள் முகத்தில் மாட்டினேன். துடைக்கக்கூட இல்லை. ஒட்டிய இமை லென்ஸில் மடங்கி, மை இழுவி, ஒரு மணி நேர வேலை ஒரு நொடியில் நாசமாயிற்று.

"என்னக்கா பண்றீங்க, மேக்கப் பூராம் போகுதே" என்றான் அண்ணன்.

"போனா நான் திருப்பிப் போட்டுக்கிறேன் தம்பி. அது என் சோலி. நீ வாசி தாயி, மொதப் பக்கத்துல இருந்து வாசி."

அவன் தாளை இழுக்கக் கை நீட்டினான். நான் தாளோடு சேர்த்துத் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வினோதினி சும்மா ஏதோ என்றுதான் வாசிக்க ஆரம்பித்தாள். முதல் பக்கத்தின் பாதியில் அவள் முகம் மாறியது. எத்தனையோ முகத்துக்கு வெளுப்பு பூசியிருக்கிறேன். ஒரு முகம் பூச்சுக்கு அடியில் வெளுத்துப்போவதை அன்றுதான் பார்த்தேன். மூன்று பக்கத்தையும் நிதானமாக வாசித்தாள். வெளியே மைக் செட்டில் நாதஸ்வரப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் என்னென்னவோ சொன்னான். வக்கீல் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்றான், இது வேற பைல் என்றான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, இது ஒனக்குத் தெரியுமா?"

அம்மா தாம்பாளத்தில் இருந்த பூவைச் சரி பண்ணினார். சரியாக இருந்த பூவைத்தான் சரி பண்ணினார்.

"தெரியும். கட்டிக் குடுத்த பிள்ளைக்குக் காடு எதுக்கு? அவன்தான எனக்குக் கஞ்சி ஊத்தப் போறான்."

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. முந்தின நாள் மத்தியானம் இந்த அம்மா எனக்குப் போன் பண்ணியிருந்தார். கண்ணு வேலை எத்தன மணிக்கு, எம்புட்டு நேரம் அவளால கண்ணத் தொறக்க முடியாது என்று கேட்டார். மகள் மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்து, ஏழு மணிக்குங்க, ஒரு பத்து நிமிஷம் அசையக் கூடாதுங்க என்று விவரமாகப் பதில் சொன்னேன். மணி பார்த்துக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். பெற்ற தாய் இப்படிச் செய்வாளா? இன்றைக்கு இதை எழுதும்போதும் பதறத்தான் செய்கிறது.

வினோதினி அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. மூன்று தாளையும் நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"இது எங்கிட்ட இருக்கட்டும்ணே. சத்தம் போடாத, வெளிய சம்பந்தகாரவுக இருக்காக. தாலி கட்டுற நேரத்துல நீ எங்கூட நிக்கணும், வந்து நில்லு. நாளைக்கு எந்த ஆபீசுக்கும் நான் வர மாட்டேன். கல்யாணத்தப் பதிய அவரும் நானும் பெறகு போய்க்குவோம்."

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போனான். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரிந்தது. அதன் பிறகு அவன் காட்டேஜில் இருந்து எனக்கு ஒரு கல்யாணமும் வரவில்லை. அம்மாவும் பின்னாலேயே போனார்.

நான் பஞ்சை எடுத்துக்கொண்டு, கழட்டு தாயி, தொடச்சிட்டு மறுபடி போடுறேன் என்றேன்.

"கழட்ட மாட்டேன்க்கா. இப்படியே போடுங்க."

இரண்டு கையாலும் கண்ணாடிக் காம்பைப் பிடித்துக்கொண்டாள். விரல் வெளுக்கும் அளவுக்குப் பிடி. கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கச் சொல்லி, மேலாகக் கையை விட்டு, ஒட்டு இமையைப் பிய்த்து எறிந்தேன். இழுவிய மையைத் துடைத்தேன், மெல்லிசாக ஒரு கோடு போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கோணலான நிலையில் நான் வேலை செய்ததில்லை. இருபத்தைந்து நிமிடத்தில் முடித்தேன். அவள் லென்ஸைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். நல்லா இருக்குக்கா என்றாள். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

எழுந்து நின்றவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்க எப்பக்கா பாத்தீங்க?"

"மூணாவது பக்கம் திருப்பும்போதுதான் தாயி. கண்ணுல பட்டுச்சு."

"நல்ல வேளை" என்றாள். அப்படியே கண்ணாடியோடு மணவறைக்குப் போனாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்து என்னவோ கேட்டார், அவளும் என்னவோ சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு நகர்ந்து இடம் விட்டார்.

இனி, நான் சொல்ல வேண்டிய மீதிப் பாதி. கண்ணாடி போட்ட பெண் வந்தால் அவள் கண்ணாடியை உங்கள் பெட்டியில் வைக்காதீர்கள். அவள் மடியில் வையுங்கள், கை நீட்டினால் எட்ட வேண்டும். நூறு தடவை போட்டுப் பார்த்துக் குறை சொல்லட்டும், கேட்டுக்கொள்ளுங்கள். கண் வேலை நடக்கும்போது யார் எதை நீட்டினாலும், தாள் என்றாலும் போன் என்றாலும், பிரஷ்ஷைக் கீழே வையுங்கள். கண்ணாடியை மாட்டிவிட்டு அப்புறம் கொடுக்கச் சொல்லுங்கள். மை போனால் மறுபடி போடலாம். இது நம் தொழிலுக்குச் சம்பந்தம் இல்லாத விஷயம் என்று யாராவது சொன்னால், என்னிடம் அனுப்புங்கள்.

போன வருடம் வினோதினி தன் மகளின் காதுகுத்துக்கு என்னைப் பழனிக்கு அழைத்திருந்தாள். தோட்டம் அவள் பாதி அவளிடமே இருக்கிறது, புருஷன்காரரும் சனிக்கிழமை ஜீப் ஏறுகிறாராம். அவளுடைய அம்மாவும் வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். பெற்றவளை விட முடியுமாக்கா என்றாள். என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் மாமியாரிடம் நிறுத்தினாள்.

"அத்தே, நான் சொல்வேன்ல, அவங்க இவங்கதான். தாளப் பாத்த ஒடனே கண்ணாடிய எடுத்து மாட்டி விட்டாங்க. வேற யாராச்சும்னா நமக்கென்னன்னு இருந்திருப்பாங்க."

மாமியார் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் தோளுக்குப் பின்னால் அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் பக்கத்தை நான் ஒன்றுக்கு இரண்டு தடவை வாசித்ததையும், வாசித்த பிறகு அவள் விரலைப் பிடித்து இடத்தில் வைத்ததையும் பார்த்த ஒரே ஆள் அவர்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இலை போட்டார்கள், உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

உடனே மாட்டவில்லை, பிள்ளைகளா. வாசித்துத் தெரிந்த பிறகும் ஒரு கையெழுத்தைப் போடவிட்டு, அப்புறம்தான் மாட்டினேன்.